யார் வாக்காளர் எண்டு யார் தீர்மானித்தது?

பாராளுமன்ற ஜனநாயகம் எப்படி வேலை செய்யுது எண்டு கேட்டால், குடியியல் பாடத்தில் படிச்சதைத்தான் நாங்கள் எல்லாரும் சொல்லுவம். மக்கள் வாக்களித்து உறுப்பினர்களைத் தெரிவு செய்வார்கள். அவர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவு யாருக்கோ அவர் பிரதமர். அந்த ஆதரவு போனால் அரசாங்கமும் போகும். 1964 டிசம்பர் 3ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் ஒரேயொரு வாக்கால் தோற்றது. அடுத்த வருசம் தேர்தல் வந்தது.

ஆனால் அந்த 'மக்கள்' யார்? அதையும் பாராளுமன்றம்தான் சட்டம் போட்டுத் தீர்மானிக்குது. இலங்கையில் அது நடந்த விதத்தைப் பார்ப்பம்.

1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். வேறு தொகுதிகளில் அவர்களின் வாக்கு இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தது. தெரிவு செய்யப்பட்ட 95 ஆசனங்களில் டி.எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 42 மட்டுமே.

அடுத்த வருசமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தது மட்டும் காணாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேணும், இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேணும். லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அதற்கு அத்தாட்சி இருந்திருக்கும்? 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது: பிரஜை இல்லாதவர் வாக்காளர் இல்லை. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

ஒரு சமூகத்தைப் பாதிக்கும் சட்டத்தைத் தடுக்கத்தான் சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பிரஜை யாரெண்டு தீர்மானிப்பது சட்டவாக்க சபையின் இயல்பான வேலை என்ற அடிப்படையில் 1953இல் மேன்முறையீடு தள்ளுபடியானது. சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் எழுதப்படவில்லை தானே!

வடக்குத் தலைமையின் பங்கையும் மறைக்கக் கூடாது. 1948 சட்டத்தை எதிர்த்த ஜீ.ஜீ. பொன்னம்பலம் அதன் பிறகு அமைச்சரானார். 1949 சட்டங்கள் வந்தபோதும் அமைச்சரவையில்தான் இருந்தார். அவரோடு முரண்பட்டுப் பிரிந்த செல்வநாயகம் அந்த டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1964இல் ஒரு வாக்கால் விழுந்த அதே அரசாங்கம், அதற்கு ஒரு மாதம் முதல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதாம். அந்த மனிதரிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஆகவே, ஒரு சட்டம் பெரும்பான்மையால் நிறைவேறியது எண்டு கேள்விப்பட்டால், கையுயர்த்தியவர்களை எண்ணுவதோடு நாங்கள் நிற்கக் கூடாது. அவர்களைத் தெரிவு செய்த வாக்காளர் இடாப்பில் யாருடைய பெயர் இல்லை எண்டும் பார்க்க வேணும்.