ஹஷிமோட்டோவின் நான்கு நோயாளிகள்

உடன் பணிபுரியும் அம்மையார் ஒருவர் சென்ற திங்களில் நம்மிடம் ஒரு பரிசோதனைத் தாளை நீட்டினார். தைராய்டு சுரப்பியில் சிறு முடிச்சு ஒன்று; இரத்தத்தில் 'தைராய்டு பெராக்சிடேஸ் எதிர்ப்பொருள்' மிகுதி. "இது புற்றுநோய்தானோ?" என்று கேட்டார். மருத்துவரைக் காண இன்னும் மூன்று நாள் இருந்தது. தமிழ் கற்பிக்கும் நமக்கு விடை சொல்லும் தகுதியில்லை. அத்தாளில் இருந்த சொற்களின் வரலாற்றை மட்டும் தேடிப் படித்தோம்.

அவ்வரலாறு ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் தொடங்குகிறது. அங்கே கியூஷு பல்கலைக்கழகத்தில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர், கழுத்தில் கழலையோடு வந்த நான்கு பெண்களின் சுரப்பித் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நால்வரும் நாற்பதைக் கடந்தவர்கள். நிணநீர்ச் செல்கள் திரளாகப் புகுந்திருக்க, சுரப்பியின் சொந்தச் செல்கள் நலிந்து கிடந்தன. அதுவரை அறியப்பட்ட கழலை எதனோடும் இது பொருந்தவில்லை. 1912இல் ஜெர்மானிய ஏடொன்றில் இதனைத் தனிநோய் என்று எழுதினார். மேலைநாட்டார் பலர் அதனை வேறொரு கழலையின் தொடக்கநிலை என்றே கருதினர். ஹஷிமோட்டோவோ சொந்த ஊரான ஈகாவுக்குத் திரும்பி, ஊர் மருத்துவராகவே வாழ்ந்து, 1934இல் டைஃபாய்டு காய்ச்சலில் மறைந்தார். அச்செல்கள் ஏன் அங்கே திரண்டன என்பது அப்போது எவருக்கும் விளங்கியிருக்கவில்லை.

விளங்காமைக்கு ஒரு காரணமுண்டு. உடல் தன்னையே தாக்கும் நஞ்சைத் தானே ஆக்கிக்கொள்ளாது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் கூறியிருந்தார். பிற்கால அறிஞர் பலர் அதனை மீறவொண்ணா விதியாகவே கொண்டனர். 1956இல் அவ்விதி ஆட்டங்கண்டது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் முதலானோர் ஹஷிமோட்டோ நோயாளிகளின் இரத்த நிணத்தை மனிதத் தைராய்டுச் சாற்றோடு சேர்த்துப் பார்த்தனர், வீழ்படிவு தோன்றியது. நோயாளியின் இரத்தத்திலேயே தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸும் எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயல்களுக்குத் தைராய்டுச் சாற்றை ஊசிவழிச் செலுத்தி, அவற்றின் சுரப்பியில் இத்தகைய அழற்சியை உண்டாக்கிக் காட்டினர். லண்டனில் கண்டது தைரோகுளோபுலின் என்னும் புரதத்துக்கு எதிரானது. நம் நண்பரின் தாளில் இருந்த பெராக்சிடேஸ் என்னும் நொதி இன்னொரு தாக்குதல் இலக்கென்பது 1985இல் உறுதியாயிற்று.

ஆயின் எதிர்ப்பொருள் இருப்பவரெல்லாம் நோயாளிகளா? இங்கிலாந்தின் விக்கம் வட்டாரத்து மக்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வின் முடிவு 1995இல் வெளிவந்தது. எதிர்ப்பொருள் மட்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 100க்கு ஏறத்தாழ 2 பேருக்கே தைராய்டு சுரப்புக் குறைந்தது. டி.எஸ்.எச். அளவும் கூடியிருந்தோரில் அது 4 பேருக்குச் சற்று மிகுதி. எனவே எதிர்ப்பொருள் மிகுந்திருப்பது, ஆண்டுக்கொரு முறை இரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான குறிப்பு. அதுவே மாத்திரைக்கான ஆணையன்று.

முடிச்சின் கதை வேறு. அது தீயதா என்பதை எதிர்ப்பொருள் அளவு சொல்லாது. அல்ட்ராசவுண்டில் அதன் அளவும் உருவும் பார்த்து, ஐயமிருப்பின் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்து ஆராய வேண்டும். தைராய்டு முடிச்சுகளில் மிகப் பெரும்பாலானவை புற்றல்ல. ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகியிருந்ததால், நண்பர் இரண்டையும் சேர்த்துப் படித்து அஞ்சிவிட்டார்.

மூன்றாம் நாள் மருத்துவரும் இதனையே சொன்னாராம். ஊசிச் சோதனையில் புற்றில்லை என்று தெரிந்தது. ஆறு திங்கள் கழித்து மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார். நண்பர் நேற்று வகுப்புக்கு வந்துவிட்டார். ஹஷிமோட்டோ கண்ட அந்த நால்வரிடம் சொல்ல, 1912இல் எவரிடமும் இவ்வளவு விளக்கம் இருந்ததில்லை.