பெரட்டுக்களமும் தோட்டக் கமிட்டியும்

கந்தப்பளையைச் சூழ்ந்த பார்க், கோர்ட்லொட்ஜ் முதலிய தோட்டங்கள் உட்பட, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் அன்றாட நிர்வாகம் பிரித்தானியர் காலத்தில் ‘பெரட்டு’ எனப்பட்ட விடியற்காலைக் கூட்டத்திலிருந்தே தொடங்கியது. இருள் பிரியுமுன் ஒரு தொழிலாளி தப்பைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றி லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளின் ஓரமாக அடித்துச் செல்ல, ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்தில் தத்தம் கங்காணியின் (ஆட்களை மேய்த்த தலைவரின்) கீழ் அணி அணியாக வந்து நின்றனர்; எந்த மலையில் கொழுந்து, எதில் கவ்வாத்து (செடி வெட்டுதல்), எங்கே முள்ளுக்குத்து (முள்ளால் மண் கிளறுதல்) என்று தோட்ட நிர்வாகியான துரை சொல்ல, கணக்கப்பிள்ளை செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் பேர் போட்டார். பிந்தி வந்தவர்கள் லயத்துக்கே திருப்பி விரட்டப்பட்டதும் உண்டு. அவர்களுக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாளின் வேலைப் பதிவு, கிடையாது.

தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பல சாதிகளிலிருந்தும் வந்தவர்களும் ஆங்கிலேயத் துரையும் நாள்தோறும் ஒரே களத்தில் நேருக்கு நேர் நின்றபோதும், அங்கே சொல் மேலிருந்து கீழாக மட்டுமே இறங்கியது. துரைமாருக்காக அச்சிடப்பட்ட தமிழ்க் கையேடுகளில் ஒன்றுக்கு ‘இங்கே வா’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். தொழிலாளி துரைக்குச் சொல்ல வேண்டியதோ கங்காணியின் வாய்வழியாகவே போயிற்று. தன் ஆட்களின் கடன் கணக்கையும் கையில் வைத்திருந்த அவருக்கு, தமக்கு ஆகாததைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

இந்த நிலையை மாற்ற, தோட்டத்துக்குள் வேறொரு கூட்டம் கூட வேண்டியிருந்தது. வெளியார் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்ட காலத்தில் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குச் சென்றார். 1931இல் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய பின், எழுத்தறியாத மக்கள் திரண்ட கூட்டங்களில் அவருடைய மனைவி மீனாட்சியம்மாளின் பாட்டுகள் பேச்சுக்கு நிகராகச் செய்தியைக் கொண்டு சென்றன. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அதே ஆண்டில் தோட்ட உரிமையாளர் தரப்புக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏற்பட்ட ஏழு அம்ச உடன்பாடு சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது.

அதன்பின் சங்கக் கிளைகளாகப் பரவிய தோட்டக் கமிட்டிகள், வேலை முடிந்த மாலையில் கோயிலடியில் கூடிப் பேசி முடிவெடுக்க, தோட்டத் தலைவர் அம்முடிவைக் கொழும்பிலிருந்த சங்கத் தலைமைக்கும் துரையின் கந்தோருக்கும் (அலுவலகத்துக்கும்) கொண்டு சென்றார். ஆயினும், கொழுந்தெடுப்போரில் பெரும்பாலோரான பெண்களுக்கு அந்த மாலை நேரம் அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாயிருந்தது. மாதர் சங்கத் தலைவி என்றொரு பதவி ஏற்பட்ட பின்னரும், கமிட்டியில் ஆண்களின் குரலே ஓங்கியிருந்தது.