சேப்பாக்கத்துக் கடனில் வந்த நாற்காலிகள்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் கவுண்டியில், சாலிஸ்பரி நகருக்கு வடக்கே ஒரு மண்மேடு இருக்கிறது. பெயர் ஓல்டு சாரம். ஒரு காலத்தில் அதன் மேல் கோட்டை இருந்தது, பேராலயம் இருந்தது, ஊரும் இருந்தது. 1220களில் கீழே சமவெளியில் புதிய பேராலயம் கட்டத் தொடங்கினார்கள். பாதிரியார்கள் இறங்கிப் போனார்கள். பின்னாலேயே கடைக்காரர்களும் போய்விட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஆடுதான் மேய்ந்தது. ஆனாலும் லண்டன் நாடாளுமன்றத்துக்கு அந்த மேட்டிலிருந்து இரண்டு உறுப்பினர்கள் தவறாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

எப்படி? அங்கே ஓட்டு மனைக்கு உரியது. பழைய வீட்டுமனை என்று ஏட்டில் இருந்த வயல் துண்டு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வாக்காளர். மனைகளுக்கெல்லாம் ஒரே முதலாளி. தேர்தல் வந்தால் தனக்கு வேண்டிய சிலர் பெயரில் மனைகளை எழுதிவைப்பார். அவர்கள் ஒரு எல்ம் மரத்தடியில் கூடி, முதலாளி சொன்ன இருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கலைவார்கள். மனைகள் முதலாளியிடம் திரும்பிவிடும்.

1691இல் அந்த மேட்டை விலைக்கு வாங்கிய முதலாளியின் பெயர் தாமஸ் பிட். ஏழு ஆண்டுகள் கழித்து அவர் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராகக் கப்பலில் வந்து இறங்கினார்.

பிட்டை நமக்குத் தெரியும். 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு ஆகிய ஐந்து கிராமங்கள் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கிடைத்தது அவர் காலத்தில்தான். அதற்கு முன்பு, கும்பினியின் அனுமதி இல்லாமல் வங்காளக் கரையில் வியாபாரம் செய்து, வழக்கில் சிக்கி, அபராதமும் கட்டிய ஆசாமி அவர். அவரையே பிறகு கும்பினி கவர்னராக்கியது. கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுத்த பெரிய வைரம் ஒன்றை சென்னையில் இருந்தபோது 48,000 வராகனுக்கு வாங்கி, 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளரான ஆர்லியன் கோமகனுக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். வைரத்தை விற்றுத்தான் ஓல்டு சாரத்தை வாங்கினார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆண்டுக் கணக்கு இடிக்கிறது. தொகுதி வந்தது முந்தைய கள்ள வியாபாரப் பணத்தில். வைரப் பணத்தில் வந்தது கார்ன்வால் கவுண்டியில் போகொனக் என்ற பெரிய பண்ணை. அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735இல் முதன்முதலாக நாடாளுமன்றத்தில் நுழைந்தது அந்த ஆளில்லாத மேட்டின் உறுப்பினராகத்தான். பிற்காலத்தில் பிரிட்டனின் அரசாங்கத்தையே நடத்திய மூத்த பிட் இவர்.

இப்படி ஒரு ஏற்பாடு எப்படி வந்தது? பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரசர் நாடாளுமன்றத்தைக் கூட்ட நினைத்தால், ஒவ்வொரு கவுண்டியின் ஷெரீஃபுக்கும் ஓலை போகும்: உன் கவுண்டியிலிருந்து இருவரை அனுப்பு, அதற்குள் இருக்கும் பரோ எனப்படும் நகரங்களிலிருந்தும் இவ்விருவரை அனுப்பு. கவுண்டி என்பது வரி வசூலுக்கும் வழக்கு விசாரணைக்கும் ஏற்கெனவே இருந்த நிர்வாகப் பிரிவு. அதையே பிரதிநிதித்துவத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். பரந்து கிடந்த யார்க்ஷயருக்கும் இரண்டு பேர். கையகல ரட்லாண்டுக்கும் இரண்டு பேர். எந்த ஊர் பரோ என்பதை அரசரின் சாசனமும் ஷெரீஃபின் விருப்பமும் முடிவு செய்தன. ட்யூடர் அரசர்கள் தங்கள் பிடியில் இருந்த கார்ன்வாலில் சின்னச் சின்ன மீன்பிடி ஊர்களுக்கெல்லாம் பரோ சாசனம் கொடுத்தார்கள். 1670களுக்குப் பிறகு புதிய பரோ எதுவும் இங்கிலாந்தில் சேரவில்லை. வரைபடம் அப்படியே உறைந்துபோனது.

ஊர்கள் உறையவில்லை. சஃபோக் கரையில் டன்விச் என்ற துறைமுகத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியது. மிச்சமிருந்த சில தெருக்களுக்கு இரண்டு உறுப்பினர்கள் தொடர்ந்தார்கள். பஞ்சாலைப் புகையில் வளர்ந்த மான்செஸ்டருக்குத் தனி உறுப்பினர் ஒருவர்கூடக் கிடையாது. பர்மிங்காம், லீட்ஸ், ஷெஃபீல்டுக்கும் அதே கதி. கார்ன்வாலுக்கு 44 பேர். ஸ்காட்லாந்து முழுவதற்கும் 45. வாக்குரிமையும் ஊருக்கு ஒரு தினுசு. ஓரிடத்தில் உள்ளூர் வரி கட்டியவருக்கு ஓட்டு, இன்னோரிடத்தில் நகரசபைக்காரர்களுக்கு மட்டும், வேறொரு இடத்தில் தனி அடுப்பில் சொந்தப் பானை வைத்துப் பொங்கும் ஆண் யாருக்கும் ஓட்டு. எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பானை விதி. இருந்ததிலேயே ஓரளவு ஜனநாயகமானது அதுதான்.

ஆள் குறைந்த தொகுதி சொத்தாகிவிடுகிறது. சொத்தென்றால் விலை உண்டு. விலை உயர உயர, கையில் ரொக்கத்தோடு வருகிறவர் யார் என்ற கேள்வி வரும். 1760களிலிருந்து அந்த ரொக்கம் கப்பலேறி வந்தது இந்தியாவிலிருந்து.

டார்செட் கவுண்டியில் ஷாஃப்ட்ஸ்பரி என்ற பரோ. 1774 தேர்தலில் இந்தியப் பணக்காரர்கள் இருவர் நின்றார்கள்: வங்காளத்தில் சம்பாதித்த ஃபிரான்சிஸ் சைக்ஸ், அவரோடு தாமஸ் ரம்போல்டு. வாக்காளர்கள் ஒரு வீட்டுக்கு வரவழைக்கப்பட்டார்கள். கதவில் ஒரு துளை. உள்ளே பொம்மலாட்டக் கோமாளி பஞ்ச் போல வேஷம் கட்டிய ஒருவர். துளை வழியாக ஆளுக்கு 20 கினி பொட்டலம் வெளியே வரும். கொடுத்தவர் யார் என்று பிறகு யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது அல்லவா! நம்மூர்த் தேர்தலில் கவர் வாங்கிப் பழகியவர்களும் இந்த வேஷத்தைக் கண்டு வியக்கலாம். இருவரும் வென்றார்கள். ஆனால் மனு வந்து விசாரித்ததில், இருவரின் தேர்வும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதனால் ரம்போல்டுக்குப் பெரிய நஷ்டமில்லை. 1778இல் அவர் சென்னையின் கவர்னராக வந்தார்.

அவர் வந்து இறங்கிய சென்னை எப்படி இருந்தது? ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா, சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு கோட்டைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். கும்பினி அவருக்காகப் போரிடும். போர்ச்செலவை அவரிடமே கேட்கும். அதைக் கட்ட நவாப் கடன் வாங்குவார். கடன் கொடுப்பவர்கள் அதே கும்பினியின் உத்தியோகஸ்தர்கள், தங்கள் சொந்தக் கணக்கில். வட்டி 20, 25, சில காலம் 36 சதவீதம் வரை. அடமானம்? நெல் விளையும் சீமைகளின் வரி வசூல். கடன்காரர்களின் ஆட்கள் களத்துமேட்டுக்கே வந்துவிடுவார்கள். எவ்வளவு பணம் உண்மையில் கைமாறியது, எவ்வளவு வெறும் காகிதம் என்பது நவாபுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

இந்தக் கூட்டத்தில் பெரிய புள்ளி பால் பென்ஃபீல்டு. 1764இல் கட்டட வேலை பார்க்கச் சென்னைக்கு வந்தவர். ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம். 1776இல் தஞ்சாவூரை மன்னர் துளஜாஜியிடம் கவர்னர் பிகட் திருப்பிக் கொடுத்தபோது பென்ஃபீல்டு ஒரு கணக்கை நீட்டினார். நவாபும் தஞ்சைக்காரர்களும் தனக்கு 2,34,000 பவுன் பாக்கி, அதற்கு ஈடு தஞ்சாவூர் விளைச்சல் என்றார். பிகட் மறுத்தார். ஆகஸ்ட் 24 அன்று கவுன்சில் பெரும்பான்மையினர் கவர்னரையே வழியில் மடக்கிக் கைது செய்து பரங்கிமலைக்குக் கொண்டுபோனார்கள். மறுவருடம் மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார்.

கைது செய்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன். ஊர் திரும்பியதும் 1778இல் கார்ன்வாலின் கேலிங்டன் பரோவுக்கு உறுப்பினரானார். 1780இல் நீதிமன்றம் அவருக்கும் கூட்டாளிகள் மூவருக்கும் தலா 1,000 பவுன் அபராதம் போட்டபோது அவர் காமன்ஸ் சபை உறுப்பினர்தான். அதே ஆண்டு பென்ஃபீல்டு வில்ட்ஷயரின் கிரிக்லேடு பரோவில் வென்றார். அந்தத் தொகுதியின் இன்னொரு நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர், நவாபின் தூதுவராக லண்டனில் வேலை பார்த்த ஜான் மக்பெர்சன். கார்ன்வாலின் கேமல்ஃபோர்டு பரோ உறுப்பினர் ஜேம்ஸ் மக்பெர்சன். ஒசியன் என்ற பழங்காலக் கவிஞனின் பெயரில் பாடல்களை வெளியிட்டு ஐரோப்பாவையே கிறங்கடித்தவர் இவர். இவரும் நவாபின் லண்டன் ஏஜெண்டுதான்.

ஆக, சேப்பாக்கத்து அரண்மனைக்கு மான்செஸ்டரைவிட நாடாளுமன்றத்தில் செல்வாக்கு இருந்தது. அரண்மனைக்கு என்றுகூடச் சொல்லக் கூடாது, அதன் கடன்காரர்களுக்கு.

1784இல் இளைய பிட் அரசாங்கம் நடத்திக்கொண்டிருந்தார். தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரன். நவாபின் கடன்களைத் துருவி ஆராயாமலே ஏற்று, நவாப் ஆண்ட கர்நாடகச் சீமையின் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்க ஏற்பாடானது. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் எழுந்து பல மணி நேரம் பேசினார். கடந்த நாடாளுமன்றத்தில் பென்ஃபீல்டின் கையில் எட்டு உறுப்பினர்கள் இருந்தார்கள், தேர்தலில் அவர்கள் செய்த உதவிக்கு கர்நாடகத்துக் குடியானவன் கூலி கொடுக்கிறான் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். பேச்சு வரலாற்றில் நின்றது, வாக்கெடுப்பில் தோற்றது. பர்க் அன்று பிரதிநிதியாக இருந்த மால்டனும் ஒரு பிரபுவின் சட்டைப்பைத் தொகுதிதான் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் இளைய பிட்டே ஒரு சீர்திருத்த மசோதா கொண்டுவந்தார். ஆள் குறைந்து ‘அழுகிய’ 36 பரோக்களை, உடைமையாளர்களுக்கு நஷ்டஈடு கொடுத்து ஒழிப்பது திட்டம். இதற்கு 10 லட்சம் பவுன் ஒதுக்க நினைத்தார். 248க்கு 174 என்று சபை அதை விரட்டியது. நஷ்டஈடு என்ற யோசனையே எவ்வளவு விஷயத்தைச் சொல்கிறது! மக்களின் குரலைப் பறித்து வைத்திருப்பவனுக்கு அதைத் திருப்பித் தருவதற்கு விலை.

1831இல் சீர்திருத்தம் மறுபடி வந்தபோது எதிர்ப்பாளர்கள் ஒரு புத்திசாலித்தனமான வாதத்தை வைத்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இந்தியாவுக்கும் இந்தச் சபையில் தொகுதி இல்லை. சிறு பரோக்களை விலைக்கு வாங்கி நுழைகிறவர்கள் வழியாகத்தான் அந்தத் தேசங்களின் நலன் உள்ளே வருகிறது. அவற்றை ஒழித்தால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும் என்றார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் உள்ளே வந்தது யாருடைய நலன்? தஞ்சாவூர் மிராசுதாரின் நலனா, அவர் நெல்லை அளந்து தூக்கிப்போனவரின் நலனா? தொகுதி இல்லாத நாட்டுக்கு அதன் வட்டிக்காரனையே பிரதிநிதி என்று காட்டிய வாதம் அது. பர்க் 1785இல் சொன்னதை நினைவில் வைத்திருந்த எவரும் அதை முகத்துக்கு நேரே மறுத்திருக்கலாம்.

மார்ச் 1 அன்று ஜான் ரஸ்ஸல் பிரபு, ஒழிக்கப்போகும் பரோக்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார். எதிர்வரிசையில் சிரிப்பு. மூன்று வாரம் கழித்து இரண்டாம் வாசிப்பு 302க்கு 301 என்று ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியபோது சிரிப்பு நின்றிருக்கும். பிறகு நடந்தது பெரிய கதை: மறு தேர்தல், அக்டோபரில் பிரபுக்கள் சபையின் மறுப்பு, பிரிஸ்டலில் கலவரம், நாட்டிங்காமில் கோட்டைக்குத் தீ. 1832 ஜூன் 7 அன்று சட்டமானது. 56 பரோக்கள் அடியோடு போயின. ஓல்டு சாரம், டன்விச், கேமல்ஃபோர்டு, கேலிங்டன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஷாஃப்ட்ஸ்பரி ஒரு நாற்காலியை இழந்தது. நஷ்டஈடு ஒரு காசு கிடையாது. ஓல்டு சாரத்தின் கடைசி உறுப்பினர்கள் இருவரில் ஒருவர் ஜோசியாஸ் டு பிரே அலெக்ஸாண்டர். 1770 முதல் 1773 வரை சென்னையை ஆண்ட கவர்னர் ஜோசியாஸ் டு பிரேயின் பெயரை அவருக்கு வைத்திருந்தார்கள்.

புதிய தொகுதியான லீட்ஸிலிருந்து வென்றவர்களில் ஒருவர் மெக்காலே. அதற்கு முன் கால்ன் என்ற சட்டைப்பைத் தொகுதியில் இருந்துகொண்டே சீர்திருத்தத்துக்காக முழங்கியவர். அவரும் அமர்ந்திருந்த புதிய சபை மறு வருடமே, 1833இல், கும்பினியின் சாசனச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி சென்னை, பம்பாய் மாகாணங்கள் சட்டம் இயற்றும் அதிகாரத்தை இழந்தன. எல்லாம் கல்கத்தாவுக்குப் போனது. அந்தக் கல்கத்தா கவுன்சிலின் சட்ட உறுப்பினராக மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கி, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க ஊட்டிக்குப் பயணமானார். சென்னைக்குச் சட்டமியற்றும் அதிகாரம் திரும்பியது 1861இல்தான்.

இடைப்பட்ட காலத்தில் இங்குள்ள குடியானவன் யாரிடம் முறையிட்டான்? 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் லண்டனுக்கு ஒரு மனு அனுப்பியது. அடுத்த வருடம் டார்செட் கரையின் பூல் தொகுதி உறுப்பினர் டான்பி சீமோர், வரிக்காக ரயத்துகளை எப்படி வதைக்கிறார்கள் என்று நேரில் பார்க்கச் சென்னைக்கே வந்துவிட்டார். அந்தப் பயணம் அடுத்த வாரம்.