வெள்ளம் வடிந்தது, உப்பு வடியவில்லை



என் பழைய மாணவர்கள் சிலர் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் பகுதியில் குடியிருக்கிறார்கள். வேலை நியூயார்க்கில். தினமும் காலையில் ரயில் ஏறி, ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கம் வழியாக மன்ஹாட்டன் போய் இறங்குகிறார்கள். 2012-இல் அந்தச் சுரங்கத்துக்குள் கடல்நீர் புகுந்தது. அந்தச் சேதத்தை முழுதாகச் சரிசெய்து முடிக்க அவர்கள் வைத்திருக்கும் இலக்கு 2038. "பணக்கார நாடு, இதற்கு இருபத்தாறு வருடமா?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். பதில் 1910-இல் இருக்கிறது. கொஞ்சம் நீளமான கதை, பொறுமையாகப் படியுங்கள்.

அக்காலத்தில் பென்சில்வேனியா ரயில்ரோடு அமெரிக்காவின் மிகப் பெரிய ரயில் கம்பெனிகளில் ஒன்று. ஆனாலும் அதன் ரயில் நியூயார்க்குக்குள் நுழைய முடியாது. ஹட்சனின் மேற்குக் கரையில் ஜெர்சி சிட்டியோடு தண்டவாளம் முடிந்துவிடும். பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். போட்டிக் கம்பெனியான நியூயார்க் சென்ட்ரலின் ரயிலோ ஊருக்குள்ளேயே போய் நிற்கும். அலெக்சாண்டர் கசாட் என்பவர் பென்சில்வேனியா கம்பெனியின் தலைவர். ஓவியர் மேரி கசாட்டின் அண்ணன் இவர். 1901-இல் பாரிஸ் போனபோது, அங்கே புதிதாகக் கட்டிய ஓர்சே நிலையத்துக்குள் மின்சார எஞ்சின்கள் ரயிலை இழுத்து வருவதைப் பார்த்தார். நீராவி எஞ்சின் என்றால் நீண்ட சுரங்கத்தில் புகையே ஆளைக் கொன்றுவிடும். மின்சாரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆற்றுக்கு அடியில் சுரங்கம் போடலாம் என்ற முடிவு அப்படி வந்தது.

ஹட்சனின் அடி வெறும் சேறு. அதற்குள் இரும்பு வளையங்களை ஒன்றோடு ஒன்று முடுக்கிக் குழாயாக நீட்டிக்கொண்டு போனார்கள். வெளி விட்டம் 23 அடி. உள்ளே கான்கிரீட் பூச்சு. ஆற்றுநீர் உள்ளே பாயாமல் இருக்க, வேலை நடக்கும் முனையில் காற்றை அழுத்தி நிரப்பி வைப்பார்கள். அந்த அழுத்தக் காற்றிலிருந்து சட்டென்று வெளியே வந்தால் மூட்டு மூட்டாக வலி எடுக்கும், உயிரும் போகும். அப்படிப் போன தொழிலாளர்கள் உண்டு. இரு கரைகளிலிருந்தும் தோண்டி வந்தவர்கள் 1906 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆற்றுக்கு நடுவே சந்தித்தார்கள். அந்த டிசம்பரிலேயே கசாட் இறந்துபோனார். 1910 நவம்பர் 27-ஆம் தேதி பென்சில்வேனியா நிலையம் முழுமையாகத் திறக்கப்பட்டது.

இங்கே ஓர் எண்ணிக்கையைக் கவனியுங்கள். மன்ஹாட்டனுக்கு மேற்கே ஹட்சன், கிழக்கே ஈஸ்ட் ரிவர். மேற்கே இரண்டு குழாய் போட்டார்கள், கிழக்கே நான்கு. காரணம் இருந்தது. கிழக்கே லாங் ஐலண்டிலிருந்து தினசரி வேலைக்கு வருகிறவர்களின் ரயில்கள் ஏராளம். அந்த ரயில்வேயும் 1900-இலேயே கசாட்டின் கம்பெனி கைக்கு வந்திருந்தது. மேற்கிலிருந்து வந்த ரயில்கள் ஆளை இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பி நிற்கும் யார்டும் கிழக்கே சன்னிசைடில்தான். மேற்கே அன்று ஓடியவை பெரும்பாலும் தொலைதூர ரயில்கள். போக ஒன்று, வர ஒன்று போதும் என்று நினைத்தார்கள். அன்றைய கணக்குக்கு அது சரிதான்.

நூறு வருடத்தில் நியூ ஜெர்சி பெருத்தது. வேலைக்குப் போய்வரும் கூட்டமும் பெருத்தது. குழாய் மட்டும் அதே இரண்டு. காலை நெரிசலில் மணிக்கு 24 ரயில் அந்தக் குழாய் வழியாக மன்ஹாட்டனுக்குள் போகிறது. இன்னும் இரண்டு குழாய் போடும் திட்டம் ஒன்றில் 2009-இல் வேலை தொடங்கினார்கள். மதிப்பீடு 8.7 பில்லியன் டாலர். செலவு அதைத் தாண்டினால் என் மாநிலம் தாங்காது என்று சொல்லி, 2010 அக்டோபரில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி திட்டத்தை நிறுத்தினார். நியாயமாகச் சொன்னால், அது நிற்காமல் நடந்திருந்தாலும் 2012-க்குள் முடிந்திருக்காது. ஆனால் பிற்பாடு கை கொடுத்திருக்கும்.

2012 அக்டோபர் 29. சாண்டி புயல் நியூ ஜெர்சியில் கரை ஏறியது. அன்று பௌர்ணமி, ஓதமும் ஏறும் நேரம். மன்ஹாட்டனின் தென்முனையில் நீர்மட்டம் கிட்டத்தட்ட 14 அடிக்கு ஏறியது. 1960-இல் டோனா புயலின்போது சுமார் 10 அடிதான். ரயில்களை முன்கூட்டியே நிறுத்திவிட்டதால் சுரங்கத்தில் ரயிலோடு யாரும் சிக்கவில்லை. ஆற்றின் அடி உடைந்து நீர் வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கசாட்டின் ஆட்கள் போட்ட குழாய் அசையவே இல்லை. நீர் கரை தாண்டி, சாலை தாண்டி, மேலே இருந்த திறப்புகள் வழியாக இறங்கியது. ஹட்சனில் இரண்டு குழாயும் நனைந்தன. கிழக்கே நான்கில் இரண்டு நனைந்தன.

இரவும் பகலும் இறைத்தார்கள். நவம்பர் 2-ஆம் தேதி ஹட்சனின் ஒரு குழாயில் மீண்டும் ரயில் ஓடியது. நான்கே நாள்! எல்லோரும் பாராட்டினார்கள், பிறகு மறந்தும் போனார்கள்.

நீரை இறைக்கலாம், உப்பை இறைக்க முடியாது. கடலோர ஊரில் வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். கூரைக் கம்பியில் உப்பு ஏறினால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு காரை பெயரும். அதே வேலைதான் அங்கேயும். சுரங்கத்தின் இரு பக்கமும் திண்ணை போல ஒரு கான்கிரீட் மேடை உண்டு. மின்கம்பியும் சிக்னல் கம்பியும் அதற்குள்தான் ஓடுகின்றன. குளோரைடும் சல்பேட்டும் அதற்குள் இறங்கிவிட்டன. 2014-இல் ஆம்ட்ராக் வெளியிட்ட பொறியாளர் அறிக்கை சொன்னது இதுதான்: குழாய் உறுதியாக இருக்கிறது, ஆனால் மேடையும் தண்டவாளமும் மாற்றப்பட வேண்டும். அதற்கு ஒவ்வொரு குழாயையும் ஒரு வருடத்துக்கு மேல் மூட வேண்டும். 2015 ஜூலையில் ஒரே வாரத்தில் பல நாள் மின்கம்பிக் கோளாறு வந்து ரயில்கள் ஆற்றுக்கு இருபுறமும் காத்துக் கிடந்தன.

சரி, ஒரு குழாயை மூடி மற்றதில் ஓட்டலாமே? இரண்டில் ஒன்று போனால் பாதி ரயிலாவது ஓடும் என்று தோன்றும். ஓடாது. மணிக்கு 24 என்பது 6 ஆகிவிடும். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர் ரயிலுக்காகக் கிராசிங்கில் காத்துக் கிடந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே குழாயில் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். உள்ளே இருப்பது வெளியே வரும்வரை எதிர்ப்பக்கம் காத்திருக்க வேண்டும். ஆகவே இத்தனை வருடமும் வார இறுதியில் ஒரு குழாயை மூடி ஒட்டுவேலை பார்த்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் திறந்துவிடுகிறார்கள்.

கிழக்கே பாருங்கள். அதே புயல், அதே உப்பு. ஆனால் அங்கே நான்கு குழாய். 2025 மே மாதம் ஒன்றை மூடி உள்ளே எல்லாவற்றையும் உரித்துப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். அது முடிந்ததும் அடுத்தது. 2027-இல் முடிப்பதாகத் திட்டம். மீதி மூன்றில் ஒன்று பழுதானால் என்ன ஆவது என்ற எதிர்ப்பு அங்கேயும் வந்தது. இருந்தாலும் வேலை தொடங்க முடிந்தது. ஹட்சனில் அது முடியாது. முதலில் 16 பில்லியன் டாலர் அளவில் புதிதாக இரண்டு குழாய் போட வேண்டும். அதற்கு இலக்கு 2035. பிறகுதான் பழையவற்றை ஒவ்வொன்றாக மூடிச் சரிசெய்து 2038-இல் முடிப்பார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். மாற்று இல்லாத ஒன்றைப் பழுதுபார்க்க முடியாது. ஓய்வே கொடுக்க முடியாதபோது வைத்தியம் எப்படிச் செய்வது? பாலம், தண்ணீர்க் குழாய், மின்பாதை என்று எது கட்டினாலும் "ஒன்று போதுமே, இரண்டாவது வீண் செலவு" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த இரண்டாவது, முதலாவதை மூடிப் பழுதுபார்க்க வேண்டிய நாளுக்கானது.

வகுப்பெடுக்கும் ஆசிரிய நண்பர்கள் அந்த 24, 6 கணக்கைப் பிள்ளைகளிடம் போட்டுப் பாருங்கள். பாதி என்றால் 12தானே வர வேண்டும் என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.