படத்தில் இல்லாதவர்கள்: கடலூர், சிதம்பரம் குறித்துச் சில குறிப்புகள்

ஓர் ஊரின் பழைய புகைப்படத்தை வரலாற்றுச் சான்று என்று சொல்லி முடித்துவிடுகிறோம். யார் எடுத்தது, யாருக்காக எடுத்தது, சட்டகத்துக்கு வெளியே யார் நிறுத்தப்பட்டார்கள் என்கிற கேள்விகளை எழுப்புவதில்லை. கடலூரையும் சிதம்பரத்தையும் முன்வைத்து இதைப் பேசிப்பார்க்க விரும்புகிறேன்.

சென்னை அரசாங்கம் 1856இல் லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரியை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. 1858இல் அவர் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அன்றைய கேமராவில் ஒரு படம் பதிய நேரம் பிடிக்கும். கல் நிற்கும், மனுசன் நடப்பான். நடந்தவன் புகையாய்க் கலைந்தான், அல்லது பதியவே இல்லை. ஆடாமல் நிற்கவைக்கப்பட்டவன் தூணின் உயரத்தைக் காட்டும் அளவுகோல் ஆனான். கருவியின் இந்தக் குறை பின்னால் ஒரு பார்வையாகவே தங்கிவிட்டது. கேமரா வேகமான பிறகும் சிதம்பரம் என்றால் கோபுரம், சிவகங்கைத் தீர்த்தம், ஆயிரங்கால் மண்டபம்தான்.

இதில் கருவிக்கு மட்டும் பங்கில்லை. ஆலய நுழைவு உரிமையைச் சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டமாக்கியது 1947இல்தான். அதற்கு முந்தைய பிராகாரப் படங்களில் தலித்துகள் இல்லாதது தற்செயலா? கலைப் புத்தகங்கள் 'பக்தர்கள்' என்று பொதுவாகக் குறிப்பு எழுதும்போது அந்த விலக்கலும் சேர்ந்தே மறைகிறது. அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கோயில் நுழைய விடாத பிள்ளைகள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். அந்த ஊரின் கட்டட வரலாற்றில் கோபுரத்துக்கு உள்ள இடம் இந்தப் பள்ளிக் கட்டடத்துக்கும் உண்டு என்பேன்.

கடலூரின் கதை வேறு. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் அவர்களுக்கு என்பது ஏற்பாடு. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார். உலகில் புகைப்படக் கலை அறிவிக்கப்பட்டது 1839இல். அதாவது முழுக் கோட்டையைக் கேமரா பார்த்ததே இல்லை. ஆனால் குண்டு உப்பலவாடி என்று ஜனங்கள் இன்றும் சொல்கிறார்கள். படம் பிடிக்காததை ஊர்ப்பெயர் பிடித்துவைத்திருக்கிறது.

ஆவணம் அரசிடமும் ஆய்வு நிறுவனங்களிடமும் மட்டுமா இருக்கிறது? 'போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்' என்று பயந்த தலைமுறைக்கு அடுத்தது, திருவிழாவிலும் கல்யாணத்திலும் வரைந்த திரைக்கு முன்னால் விறைத்து நின்று படம் எடுத்துக்கொண்டது. அந்தப் படங்கள் குடிசைச் சுவர்களில் தொங்கின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலூர்க் குப்பங்களில் வீடுகளோடு அவற்றையும் கொண்டுபோனது. 2011 டிசம்பர் 30 தானே புயல் கூரைகளைப் பிய்த்தது.

மிஞ்சியதை வீடு வீடாய்ப் போய்ப் பிரதி எடுக்க வேண்டும். அசல் அவர்களிடமே இருக்கட்டும். 'இது யாரு ஆயா, எந்த வருசம்?' என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சொல்லத் தெரிந்த கிழவிகள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.