யூஎஸ்எஸ் சிவாவா

யூஎஸ்எஸ் சிவாவா, இரண்டாம் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக்காகப் பணியாற்றிய எண்ணெய் வழங்கு கப்பல் ஆகும். போருக்குப் பின் வணிக எண்ணெய்க் கப்பலாகவும், 1961 முதல் வட அமெரிக்கப் பேரேரிகளில் இரும்புத்தாது ஏற்றும் கப்பலாகவும் இது மாற்றப்பட்டது. லீ ஏ. டிரகர்த்தா என்ற பெயரில் 2020களிலும் சேவையில் உள்ளது.

போர்க்காலம்

மேரிலாந்து மாநிலத்தின் ஸ்பேரோஸ் பாயிண்டில் பெத்லகேம் ஸ்டீல் நிறுவனம் இக்கப்பலைச் சமோசெட் என்ற பெயரில் கட்டத் தொடங்கியது. 1942 சூனில் நீரில் இறக்கப்பட்டது. கடற்படை இதனைப் பெற்று, அதே ஆண்டு திசம்பர் 24 அன்று பணியில் சேர்த்தது. அக்காலத்தில் அமெரிக்கக் கடற்படை தன் எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆறுகளின் பெயர்களைச் சூட்டியது. சிவாவா, வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் ஓர் ஆறு. கப்பலின் நீளம் ஏறத்தாழ 501 அடி (153 மீட்டர்).

1943 மார்ச்சில் நியூயார்க்கிலிருந்து காசாபிளாங்கா சென்ற யூஜிஎஸ்-6 என்னும் கப்பல் தொடரணியில் சிவாவா இடம்பெற்றது. செருமானிய நீர்மூழ்கிகள் இத்தொடரணியைத் தாக்கிச் சில சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. எண்ணெய் நிரம்பிய கப்பல் தாக்கப்பட்டால் தீப்பற்றும் ஆபத்து மிகுதி, சிவாவா தப்பியது. 1946 மே மாதம் கடற்படைப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது.

வணிகச் சேவை

பின்னர் சிட்டீஸ் சர்வீஸ் எண்ணெய் நிறுவனம் இதனை வாங்கிப் பெயரை மாற்றாமலேயே இயக்கியது. 1959இல் செயின்ட் லாரன்சு கடல்வழி திறக்கப்பட்டதால், பெரிய கடற்கப்பல்கள் பேரேரிகளுக்குள் நுழைய வழி பிறந்தது. கிளீவ்லாந்து-கிளிஃப்ஸ் நிறுவனம் 1961இல் சிவாவாவை வாங்கி ஒகையோவின் லொரெயின் கப்பல் தளத்தில் மாற்றியமைத்தது. எண்ணெய்த் தொட்டிகள் இருந்த பகுதி வெட்டி நீக்கப்பட்டு, புதிய உடற்பகுதி பொருத்தப்பட்டது. அப்பகுதி கட்டப்பட்ட இடம் செருமனியின் ஹாம்பர்க் என்பது வரலாற்றின் விந்தை. பழைய பின்பகுதியும் நீராவிச் சுழலியும் அப்படியே தொடர்ந்தன. 730 அடி நீளமான இதற்கு வால்டர் ஏ. ஸ்டெர்லிங் எனப் பெயரிடப்பட்டது.

1976இல் மேலும் 96 அடி சேர்க்கப்பட்டு நீளம் 826 அடி (252 மீட்டர்) ஆனது. 1978இல், கரையிலுள்ள பாரந்தூக்கிகளின் உதவியின்றித் தானே சரக்கு இறக்கும் வகையில் மாற்றப்பட்டது. 1985இல் ஃபோர்டு நிறுவனத்தைச் சேர்ந்த ரூஜ் ஸ்டீலிடம் சென்று வில்லியம் கிளே ஃபோர்டு என்றும், 1989இல் இன்டர்லேக் நிறுவனத்திடம் சென்று தற்போதைய பெயரையும் பெற்றது. நீராவிச் சுழலி 2006 வரை உழைத்தது. பிறகே டீசல் எந்திரங்கள் பொருத்தப்பட்டன.

நீண்ட ஆயுளுக்குக் காரணம்

உப்பு நீர் எஃகை விரைவாக அரிக்கிறது. நன்னீரில் அரிமானம் மெதுவாகவே நிகழும். சென்னை-சிங்கப்பூர் தடத்தில் தமிழர்களை ஏற்றிச்சென்ற ரஜூலா 1926இல் கட்டப்பட்டு 1974இல் உடைக்கப்பட்டது. கடற்கப்பலுக்கு அதுவே அரிய ஆயுள். சிவாவாவின் பின்பகுதியோ 80 ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

ஆனால் 1976இல் கூட்டப்பட்ட நீளத்திற்கு ஒரு விலையும் உண்டு. ஈரி ஏரியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் வெல்லண்ட் கால்வாயின் நீர்ப்பூட்டுகள் 740 அடிக்கு மேற்பட்ட கப்பல்களை ஏற்பதில்லை. போர்க்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த இக்கப்பல், முழு உருவில் இனிக் கடலுக்குத் திரும்ப இயலாது.