353 சென்டிமீட்டர்

மேலூரை அடுத்த மாங்குளத்துக் குகைத்தளங்களில் 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டுகள் பாண்டியன் நெடுஞ்செழியனையும், கணிநந்தன் என்ற சமண முனிவரையும், வெள்ளறை நிகமத்தோர் என்ற வணிகக் குழுவையும் குறிப்பிடுகின்றன. வெள்ளறை என்பது இன்றைய வெள்ளரிப்பட்டியே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாறையில் பெயர் வெட்டிய அந்த வணிகர்கள் எங்கே குடியிருந்தார்கள், எதை விற்றார்கள், எந்தப் பானையில் பொங்கினார்கள் என்பதை இனிச் சுற்றுவட்டாரத்து வயல்களும் மேடுகளும்தான் சொல்ல வேண்டும். ஆகவே, வானம் தோண்டும்போது தட்டுப்படும் தாழியைப் புதையல் என்று உடைப்பதும், பழங்காசு தேடிக் கொல்லையைக் கிளறுவதும் சின்ன விஷயமல்ல. பொருள் கைக்கு வந்துவிடும். அது கிடந்த இடம் சொல்லக்கூடிய செய்தி அன்றோடு அழிந்துபோகும்.

பாண்டியன் பெருவழுதியின் காசையே பாருங்கள். 1980களில் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்ட அந்தச் சிறு செப்புக்காசின் ஒரு பக்கம் குதிரை, மேலே தமிழி எழுத்தில் மன்னன் பெயர். மறுபக்கம் மீன் சின்னம். சங்ககாலப் பாண்டியர் பெயர் பொறித்தே காசு வெளியிட்டார்கள் என்பதை நிலைநாட்டிய பெரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் அது அகழாய்வுக் குழியில் கிடைத்ததல்ல. எந்த அடுக்கில், எந்தப் பானையோடு கிடந்தது என்று தெரியாததால், எழுத்தின் வடிவை வைத்தே காலம் கணிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணிப்பில் அறிஞர்கள் ஒத்துப்போவதும் அரிது. கீழடி அகழாய்வில் காலம் சொன்னதோ வெறும் கரித்துண்டு. சந்தையில் அதற்கு விலையே இல்லை. ஆனாலும் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தது என்ற பதிவு இருந்ததால், பொ.ஆ.மு. 580 என்ற காலக்கணிப்பு அந்த அடுக்குக்கே பொருந்தியது. அங்கே தமிழி பொறித்த பானை ஓடுகளும் கிடைத்திருந்ததால், தமிழியின் காலம் பற்றிய விவாதமே மாறியது.

ஊர்க்காரர்கள் தோண்டாவிட்டால் கீழடியே தெரிந்திருக்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1970களில் கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட பொருள்களைப் பற்றி மாணவர்கள் சொல்ல, அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அவற்றைச் சேகரித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். அகழாய்வு தொடங்கியது 2015இல்தான். அந்தத் தாமதத்துக்கு அரசே பொறுப்பு. ஆனால் அந்த ஆசிரியரின் பெருமை, கண்டதை விற்காமல் தகவல் சொன்னதில் இருக்கிறது. தகவல் சொன்னால் நிலம் பறிபோகும் என்ற அச்சமும் பொய்யல்ல. எனினும் கீழடியின் தொடக்கக் கட்டக் குழிகள் தனியார் தென்னந்தோப்புகளில் உரிமையாளர் சம்மதத்தோடு தோண்டப்பட்டு, ஆய்வு முடிந்ததும் மூடப்பட்டன. குறை சட்டத்திலும் உண்டு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. உரியவர் யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலக்காரருக்குக் கால் பங்கு. பொன்னுக்குப் பங்கு வைத்த அந்தச் சட்டம், எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்ததை முறையாகத் தெரிவித்த உழவருக்கு எதுவும் தராது. அவருக்கும் அரசு பணமும் பாராட்டும் தர வேண்டும். மேலூர்ப் பக்கம் குழி வெட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கறுப்பு சிவப்புப் பானை ஓடு தென்பட்டால் மண்வெட்டியை நிறுத்துங்கள், கிடக்கிற நிலையிலேயே படம் எடுங்கள், விஏஓவிடம் சொல்லுங்கள்.